பழைய வீட்டின் மேல் ஒரு மாடி

வெள்ளவத்தைப் பாலத்தைக் கடந்து தெகிவளை எல்லை வரையில், காலி வீதியிலிருந்து ஒருபுறம் கடலை நோக்கியும் மறுபுறம் கிழக்கு நோக்கியும் பிரிந்து செல்லும் ஒழுங்கைகளில், ஓட்டுக் கூரையும் விறாந்தையும் மதிலோரத்து மாமரமும் கொண்ட பழைய தனி வீடுகள் ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகின்றன. பிள்ளைகள் வளர்ந்து, மருமக்களும் பேரரும் சேர்ந்து, வீடு போதாமற்போன குடும்பத்தலைவருக்கு ஊரார் சொல்லும் புத்தி பெரும்பாலும் இரண்டு வகையாகவே இருக்கிறது: காணியைத் தொடர்மாடி கட்டுவோரிடம் ஒப்படைத்து, பதிலுக்கு இரண்டு மூன்று மனைகளைப் பெற்றுக்கொள்ளுமாறு ஒரு சாராரும், பழையதை அடியோடு இடித்துவிட்டுத் தாமாகவே கொங்கிறீட்டில் மூன்று மாடி எழுப்புமாறு மறு சாராரும் உபதேசிக்கின்றனர். நிற்கும் வீட்டை நிற்கவிட்டு, அதன் பழுதுகளை நீக்கி, தாங்கக்கூடிய அளவுக்குப் பாரங்குறைந்த ஒரு மாடியை அதன் மேலே ஏற்றுவதென்னும் மூன்றாவது மார்க்கத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அம்மார்க்கமே அநேக வீடுகளுக்கு உசிதமானது என்பதும், நம் சட்டமும் வங்கிகளும் கட்டடத் தொழிலாரும் அதற்குரிய மதிப்பை இன்னும் அளிக்கவில்லை என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இவ்வீடுகள் எத்தகையன என்பதை முதலில் நினைவுகூர்தல் அவசியம். பிரித்தானிய ஆட்சியின் பிற்காலத்தில் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்கு வந்து, சம்பளத்திற் சிறுகச் சிறுகச் சேமித்து, எட்டுப் பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் காணி வாங்கி வீடு கட்டிய மத்தியதர வகுப்பினரே வெள்ளவத்தையின் தமிழ் முகத்தை உருவாக்கியவர்கள். 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் தனக்கென ஓர் இல்லத்தை இங்கேயே அமைத்துக்கொண்டதற்கும், இராமகிருஷ்ண மிஷனின் பெயரால் ஒரு வீதியே வழங்குவதற்கும் அவர்களுடைய வாசமே காரணம். அவர்கள் கட்டிய வீடு ஆடம்பரமற்றது. ஆனால் இந்நகரத்தின் சுவாத்தியத்தை நன்கு அறிந்து கட்டப்பட்டது. கபுக் எனப்படும் செம்புறைக்கல்லாலோ செங்கல்லாலோ எழுந்த தடித்த சுவர், முருகைக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பினாலான சாந்து, பதினொரு பன்னிரண்டு அடி உயரத்தில் உட்கூரை, கதவுக்கு மேலே காற்றுப் போவதற்கான மரச்சட்டத் துவாரம், சுவரை மழையினின்று காக்குமாறு வெளியே நீண்ட தாழ்வாரம் ஆகிய யாவும் சேர்ந்து, மின்விசிறி சுழலாத வேளையிலும் மனிதர் இருக்கத்தக்க இடமாக அவ்வீட்டை வைத்திருந்தன. கபுக் கல் நீடித்து நில்லாதென்று எண்ணுவோர், 1749 இல் தொடங்கி 1757 இல் நிறைவெய்திய வுல்பெண்டால் தேவாலயத்தைச் சென்று பார்க்கலாம். அதன் சுவர்கள் ஏறக்குறைய ஐந்தடித் தடிப்புள்ளவை, அதே கல்லாலும் அதே சுண்ணாம்பாலும் எழுந்தவை, அவற்றினிடையே இன்றும் வழிபாடு நடைபெறுகிறது.

கொட்டாஞ்சேனையின் சங்கதி வேறு. அங்கே வீடுகள் தனித்து நிற்பவையல்ல. தெருவைத் தொட்டுக்கொண்டு, ஒன்றின் சுவர் மற்றொன்றின் சுவராகவும் அமைய, ஒடுங்கிய முகப்பும் நீண்ட உடலுமாக வரிசை வரிசையாக நிற்பவை. அர்ச். லூசியா பேராலயத்தின் நிழலிலும், ஜம்பட்டா வீதியைச் சுற்றிய ஒழுங்கைகளிலும், பொன்னம்பல முதலியார் கட்டி அவர் மைந்தர் இராமநாதன் கருங்கல்லிற் புதுக்கிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் அயலிலும், அவ்வரிசை வீடுகள் நடுவே ஒரு சிறு முற்றத்தை வைத்து, அம்முற்றத்தின் வழியாகவே வெளிச்சத்தையும் காற்றையும் உண்டு வாழ்ந்தன. அவற்றுட் பல வாடகை வீடுகள். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருந்தோரைத் தெருவில் விடாமற் காத்த நற்சட்டமே. எனினும் வருகிற சொற்ப வாடகையில் ஓடு மாற்றவும் மனமின்றி உரிமையாளரும், தமதல்லாத சுவருக்குச் செலவிட மனமின்றிக் குடியிருப்போரும் ஒதுங்கிக்கொண்டமையால், பீலி உடைந்து, மழைநீர் சுவரில் இறங்கி, கைமரங்களைக் கறையான் அரித்துச் சிதைந்த வீடுகள் அங்கே அநேகம். முற்றத்தைப் பலகையாலும் தகரத்தாலும் மூடி அதனையும் ஓர் அறையாக்கிய வீடுகளில், பட்டப்பகலில் விளக்கேற்றி வாழும் நிலையும் வந்துற்றது.

வெள்ளவத்தை வீடுகளுக்கு வந்த விதி கொடியது. 1983 ஜூலையில் இவ்வொழுங்கைகளில் எரிந்தவை எத்தனை என்று இவ்விடத்தில் விவரிக்க நான் எண்ணவில்லை. அது நம்மவர் யாவரும் அறிந்த துயரம். ஆனால் கட்டட சம்பந்தமான ஒரு செய்தியை இங்கே சொல்லியே ஆகவேண்டும். கூரை முழுதும் எரிந்து வெறுஞ்சுவர் மாத்திரம் நின்ற வீடுகளை, திரும்பி வந்தவர்கள் கையிலிருந்த பணத்துக்கேற்ப மேற்பூச்சுப் பூசி, புதுக் கைமரமிட்டு, மீண்டும் குடிபுகுந்தார்கள். சுட்டெரிந்த சுவரின் சாந்து தன் பிடிப்பை இழந்திருக்கும். கதவு நிலைக்கு மேலே இட்ட கொங்கிறீட் வளை வெடித்து வலிமை குன்றியிருக்கக்கூடும். பூச்சு அதனை மறைத்துவிடும். ஆகவே இப்பகுதியில் ஒரு பழைய வீட்டை வாங்கியோ வழிவழியாகப் பெற்றோ அதன் மேல் மாடி கட்ட நினைப்பவர், அயலிலுள்ள முதியவரிடம் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வீடு அன்று எரிந்ததா என்பதேயாகும். எந்த வரைபடத்திலும் அதற்கு விடை இராது.

1990களில், குறிப்பாக 1995 இன் பேரிடப்பெயர்வுக்குப் பின், வடக்கிலிருந்து வந்த குடும்பங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் வாழ்ந்த பெற்றோருக்கும் உறைவிடம் வேண்டியிருந்தது. அத்தேவையை நிறைவேற்ற ஐந்து மாடியும் ஏழு மாடியுமாகத் தொடர்மாடிகள் எழுந்தன. அவற்றை நான் நிந்திக்க மாட்டேன். அகதியாக வந்தவனுக்குக் கூரை கொடுத்த கட்டடத்தை அழகில்லை என்று பழித்தல் தர்மமாகாது. ஆயினும் அந்த அவசரம் தணிந்து பல ஆண்டுகளாகியும், அந்த அவசர காலத்து வழக்கமே ஒரே வழி என்றாகிவிட்டது; நல்ல நிலையிலுள்ள வீடுகூட, உள்ளே ஆறு பேர் இருக்க இடமில்லை என்ற ஒரே காரணத்துக்காக மண்ணோடு மண்ணாக்கப்படுகிறது.

இடிப்பதால் என்ன நஷ்டம் என்று கேட்பாருளர். இடிந்த வீடு மறைந்துபோவதில்லை. அது லொறிகளில் ஏறி எங்கோ சென்று விழுகிறது. கொழும்பு தன் கழிவை எங்கே போடுவதென்று அறியாது தத்தளிக்கும் நகரம் என்பதை 2017 ஏப்ரல் 14 ஆந் திகதி, புத்தாண்டு தினத்திலே, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அன்று நாம் யாவரும் கண்ணீருடன் கற்றோம். கட்டட இடிபாடுகளோ தாழ்நிலங்களை நிரப்புவதற்கே பெரிதும் பயன்படுகின்றன. அத்தாழ்நிலங்களே மழைக்காலத்தில் நகரின் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் ஏரிகள். 1992 ஜூன் 4 ஆந் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிந்தது. அத்தகைய நீர் எங்கே போய்த் தங்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு சதுப்பு நிலம் எத்தனை வீட்டுக்குக் காவலென்பது விளங்கும். 2018 இல் ஈரநிலங்களுக்காகச் சர்வதேச அங்கீகாரம் பெற்ற நகரம், தன் பழைய வீடுகளை இடித்து அதே ஈரநிலத்தைத் தூர்ப்பது பெரும் முரண்பாடு.

இனிச் சீமெந்து. உலகம் வெளியிடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய 8 சதவீதம் சீமெந்து உற்பத்தியினின்றே பிறக்கிறது. உலகக் கணக்கு நமக்கெதற்கு என்பவர்கள் வீட்டுக் கணக்கையே பார்க்கலாம்: 2022 இன் பொருளாதார வீழ்ச்சியில், முந்திய ஆண்டு ஆயிரம் ரூபாவை அண்டி விற்ற ஐம்பது கிலோ மூடை ஏறத்தாழ மும்மடங்கு விலைக்கு ஏறிற்று, கம்பியும் அவ்வாறே. அத்திவாரம் தோண்டி, தூண் எழுப்பி, மூன்று தட்டு இடத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திய எலும்புக்கூடுகளை அப்போது எத்தனையோ ஒழுங்கைகளிற் காண முடிந்தது. இருந்த வீட்டை இடித்துவிட்டு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, முடியாத கட்டடத்தைப் பார்த்து ஏங்கியோரின் மனவேதனை சொல்லுந்தரமன்று. கீழ்வீட்டை வைத்துக்கொண்டு மேலே ஏற்றியிருந்தால், வேலை நின்றாலும் குடித்தனம் நின்றிராது. இயன்றபோது தொடங்கி இயலாதபோது நிறுத்தி, மறுபடி தொடரக்கூடிய முறை இதுவொன்றேயென்பதை, மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் நன்கு சிந்திக்க வேண்டும்.

ஆனால் மேலே ஏற்றுதல் என்பது கண்மூடித்தனமாகச் செய்யத்தக்க காரியமன்று. இவ்விடத்தில் நான் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன். 2017 மே 18 ஆந் திகதி வெள்ளவத்தையில், சவோய் திரையரங்கின் அயலில், ஒரு பல மாடிக் கட்டடம் பட்டப்பகலில் இடிந்து விழுந்து உயிர்ச்சேதம் விளைந்தது, பலர் காயமுற்றனர். அதற்குப் பின் இப்பகுதியில் ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தூணைச் சந்தேகத்தோடு பார்த்தது இயல்பே. ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். ஐந்தங்குலத் தடிப்புள்ள கொங்கிறீட் தட்டு ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 300 கிலோ நிறையுள்ளது. ஆயிரம் சதுர அடித் தளத்துக்குத் தட்டு மாத்திரமே இருபத்தெட்டுத் தொன்னை எட்டும். அதன் மேல் செங்கற் சுவரும் மனிதரும் தளபாடமும் தண்ணீர்த் தாங்கியும் சேரும். இத்தனை பாரத்தையும், ஓட்டுக் கூரையை மட்டும் சுமக்கவென்று சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய கபுக் சுவரின் மேல் நேரே வைத்துவிடுவது மாபெரும் அபராதம். மேசன் பாஸ் ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்து, நல்ல கல்லு, ஒன்றும் ஆகாது என்று சொல்லும் உறுதிமொழியை நம்பிப் பலர் அதனைச் செய்கிறார்கள். பாஸ்மாரின் கைத்திறனை நான் மிக மதிக்கிறேன். ஆனால் நிலத்துக்கடியில் இருக்கும் அத்திவாரத்தின் அகலத்தைச் சுவரைத் தட்டி அறிய முடியாது. இரண்டு மூன்று இடங்களிற் குழி தோண்டி அத்திவாரத்தைக் கண்ணாற் கண்டு, அதன் கீழுள்ள மண் கடற்கரை மணலா, கால்வாயோரத்துக் களியா என்று பரிசோதித்து, பட்டயப் பொறியியலாளர் ஒருவர் கணக்கிட்டுச் சொன்ன பின்னரே கடப்பாரையை எடுத்தல் வேண்டும்.

அவ்வாறு பரிசோதித்த பின் இரண்டு உபாயங்கள் தோன்றும். பழைய சுவரைத் தொடாமல், அதனருகே புதிய அத்திவாரமிட்டு, உருக்குத் தூண்களை நிறுத்தி, மேல்மாடியின் பாரம் முழுவதையும் அத்தூண்களின் வழியே தனியாக நிலத்துக்கு இறக்குதல் ஒன்று. இதில் பழைய வீடு தன் பழைய சுமையை மட்டுமே சுமக்கும். சுவரும் அத்திவாரமும் மெய்யாகவே வலியவையாயின், அவற்றின் மேல் ஒரு கொங்கிறீட் வளையத்தைச் சுற்றிக் கட்டி, உருக்கு வளைகளின் மேல் மரப்பலகைத் தளம் இட்டு, இலகுவான சுவர்ப்பலகைகளால் அறைகளைப் பிரித்தல் மற்றொன்று. அத்தளத்தின் நிறை கொங்கிறீட் தட்டின் நாலிலொரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். மரத்தளமா, நடந்தால் ஓசை கேட்குமே என்று முகஞ்சுளிப்போருக்கு, நம் பாட்டனார் காலத்து இரண்டு மாடிக் கடைவீடுகள் யாவும் மரத்தளத்திலேயே நின்றன என்பதை நினைவூட்டலாம். செட்டியார் தெருவில் நகைக்கடைகளின் மேலே அத்தளங்களிற் குடியிருந்து வாழ்ந்து முடித்த குடும்பங்கள் பல.

வெள்ளவத்தையில் இதற்கு மேலும் ஒரு சத்துரு உண்டு, அது கடற்காற்று. புகையிரதப் பாதையைத் தாண்டி வரும் உப்பு, கொங்கிறீட்டின் நுண்துவாரங்களினூடே புகுந்து கம்பியைத் துருவாக்க, துருப்பிடித்த கம்பி பருத்து, கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடுகிறது. கடலோர ஒழுங்கைகளில் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத மாடிகளின் அடித்தட்டுப் பெயர்ந்து கம்பி தொங்குவதையும், அவற்றுக்குப் பக்கத்திலேயே எண்பது வயதுச் சுண்ணாம்புச் சுவர் அலுங்காது நிற்பதையும் ஒருங்கே காணலாம். ஆகையால் கம்பிக்கு வெளியே இரண்டங்குலக் கொங்கிறீட் போர்வையேனும் இருக்கச் செய்தலும், உருக்குச் சட்டங்களை நாகமுலாம் பூசியே உபயோகித்தலும், பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சீமெந்துப் பூச்சைப் பூசி அதன் ஈரத்தை உள்ளே அடைத்துவிடாதிருத்தலும் இன்றியமையாதவை. இக்கடைசி விஷயத்தைச் சொன்னால் நம்புவோர் குறைவு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும் தன்மையது. சீமெந்துப் பூச்சு அவ்வழியை மூடிவிட, ஈரம் சுவருக்குள்ளேயே தங்கி உப்புப் பூக்கிறது, பூச்சு உப்பி உதிர்கிறது, குற்றம் பழைய சுவரின் தலையில் விழுகிறது.

பழைய ஓட்டை இறக்கி வைத்து, மாடி முடிந்தபின் அதே ஓட்டை மேலே ஏற்றுவதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில் இருப்பதால், பங்குனிக் கடைசியிலும் ஆவணியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறான். ஆண்டின் பிற நாட்களிலும் அவன் சரிவு சொற்பமே. எனவே வெப்பம் வீட்டுக்குள் நுழைவது பெரிதும் கூரை வழியாகவே. ஓட்டுக்கும் உட்கூரைக்கும் இடையே சூடேறிய காற்று ஓட்டிடுக்குகளால் வெளியேறும். மொட்டைமாடித் தட்டோ பகலெல்லாம் வெயிலை விழுங்கி வைத்திருந்து, இரவில் படுக்கையறைக்குள் அதனை உமிழும். அந்த அறைக்குக் குளிரூட்டி பொருத்தினால், 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் இரு தடவை பெருமளவில் உயர்ந்த மின்கட்டணத்தை எண்ணி எண்ணியே அதனை இயக்க வேண்டியதாகும். கையிலிருந்த ஓட்டுக் கூரையை எறிந்துவிட்டு இவ்வாறு வெப்பத்தை விலைகொடுத்து வாங்குவதில் எவ்வித நியாயமும் இல்லை. செலவு குறைவென்று அஸ்பெஸ்டஸ் சீற் இடுவோருக்கு ஒரு வார்த்தை: நீல அஸ்பெஸ்டசை இந்நாடு 1987 இலேயே தடைசெய்தது, எஞ்சிய வெள்ளை வகையையும் படிப்படியாக விலக்க எடுத்த தீர்மானம், 2017 டிசம்பரில் ருஷியா நம் தேயிலையை நிறுத்திவைத்த நாட்களில் தளர்த்தப்பட்டது. வர்த்தகத்தின் நிர்ப்பந்தத்தால் தளர்ந்த தீர்மானம் சுவாசப்பையின் ஆபத்தைத் தளர்த்திவிடவில்லை. பழைய சீற்றை அறுக்கவும் உடைக்கவும் துளையிடவும் வேண்டாம். நனைத்து, முழுதாக இறக்கி, மூடிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். மாடி கட்டும்போது கூரையைக் கழற்றும் அந்த நாளே, வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் மிக அபாயமான நாள்.

நீரையும் கவனிக்க வேண்டும். கொழும்பில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழும் நீர் இரண்டு இலட்சம் லீற்றருக்கு மேற்படும். புதிய கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பை 2007 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைத் திருத்தச் சட்டம் ஏற்கனவே வற்புறுத்துகிறது. மாடியின் கூரை உயர்ந்திருப்பதால், பீலிநீரை இடைத்தளத்திலுள்ள தாங்கிக்கு இறக்கினால், கீழ்வீட்டு மலசலகூடத்துக்கும் செடிகளுக்கும் மின்விசைப் பம்பி இன்றியே அது பாயும். சூரியத் தகடுகளும் அவ்வாறே: ஒரு கிலோவாற்று நிறுவினால் மாதம் நூறு அலகுக்குக் குறையாமற் கிடைக்கும், ஆனால் தெற்கிலோ மேற்கிலோ எட்டு மாடித் தொடர்மாடி எழுந்து நிழல் போட்டால் அந்தக் கணக்கு முழுதும் பிழைத்துவிடும். அயலவனுடைய வெயிலைப் பறிக்கும் உரிமை எவருக்கும் உண்டா என்னும் வினாவை 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே எழுப்பியது. 63½ பாகை ஒளிக்கோணம் என்று அதன் வழியே வழங்கிவரும் விதியின் சாரம், பின்னே விட்ட வெளியைப் போல் இருமடங்குக்கு மேல் கட்டடம் உயரலாகாது என்பது. அளவாக ஒரு மாடி ஏற்றும் வீடு இவ்விதிக்குள் இயல்பாகவே அடங்கும். 1921 இல் இந்நகரத்துக்கு வந்து, கிழக்கின் பூங்கா நகராக இதனை வளர்க்கக் கனாக்கண்ட பற்றிக் கெடிஸ் பெருமானின் நோக்கத்துக்கும் அதுவே அணித்தானது.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எவரேனும் கருதினால், கொழும்பு மூன்றில், பகதலை வீதிக்கு அருகே முப்பத்துமூன்றாம் ஒழுங்கையில் உள்ள பதினோராம் இலக்க வீட்டைப் போய்ப் பார்க்கட்டும். வரிசையாக நின்ற நாலு சின்னஞ்சிறு வீடுகளுள் மூன்றாவதைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1958 இல் பெற்றார்; பின்பு நாலாவது, அதன்பின் பத்தாண்டு கழிந்து மற்ற இரண்டு. வாங்கியதும் நாலையும் இடித்துத் தரைமட்டமாக்கக் கூடிய வசதியும் கீர்த்தியும் அவருக்கு இருந்தன. அவரோ மூன்றை ஒன்றோடொன்று இணைத்து, சுவர்களை அங்கங்கே திறந்து, சிறு சிறு முற்றங்களால் ஒளியை உள்ளே அழைத்து, வீதிமுனையிலிருந்த முதல் வீட்டின் இடத்தில் மாத்திரம் நான்கு தள உயரத்துக்கு மேலே எழுந்தார். பழைய கதவுகளும், நம் செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்களும் அவ்வீட்டில் மறுவாழ்வு பெற்றன. அந்த வேலை அவருக்கு ஒரு வருஷத்தில் முடியவில்லை. பல தசாப்தங்கள் தொடர்ந்தது. அவர் 1960களின் தொடக்கத்தில் பதிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீடு, காணி கைமாறியபோது கல்லும் ஓடும் இலக்கமிட்டுக் கழற்றப்பட்டு, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பப்பட்டதும் நாம் அறிந்ததே. அத்தகைய பொருட்செலவு நமக்கு இயலாது. ஆனால் கதவையும் சன்னலையும் தேக்கு வளையையும் இலக்கமிட்டுக் கழற்றி, மேல்மாடியில் மறுபடி பொருத்துவதற்கு ஒரு தச்சரும் சிறிது பொறுமையும் போதும்.

குடும்ப விவகாரம் ஒன்று எஞ்சி நிற்கிறது. நம்மவரிடையே மேல்மாடி எழுவதற்கும் எழாமற் போவதற்கும் அதுவே மெய்யான காரணம். மகளுக்குச் சீதனமாக மேல்வீட்டைக் கொடுத்து, கீழே தாம் இருந்துகொள்ளலாம் என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். நிலம் யாருடையதோ கட்டடமும் அவருடையது என்பது இந்நாட்டுப் பொதுச் சட்டமாகையால், மாடியை மட்டும் தனியாக உறுதி எழுதிக் கொடுக்க விரும்பினால் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்க் கூட்டாதன வரைபடம் பதிந்தாக வேண்டும். அம்முறை தொடர்மாடி கட்டும் கம்பெனிகளுக்கென அமைந்தது. அளவையாளர், சட்டத்தரணி, சபை அனுமதி என்று அதிலுள்ள படிகளையும் செலவையும் கண்டு மலைத்து, இரண்டு வீடு கொண்ட குடும்பம் பிரிவிடாத அரைப்பங்கு என்று நொத்தாரிசிடம் எழுதிவிடுகிறது. தகப்பனார் காலமானபின் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரர்கள் அற்றோணித் தத்துவம் அனுப்புகிறார்கள். மேலே இருப்பவள் கூரையைப் பழுதுபார்க்கவும் எல்லோருடைய கையெழுத்தும் தேவைப்படுகிறது. மனக்கசப்பு முற்றி, முடிவில் வீடு முழுவதும் தொடர்மாடிக்காரரிடம் போகிறது. நல்ல வீடுகள் பல இடிந்தது கட்டடப் பழுதினாலன்று, இந்த உறுதியின் பழுதினால் என்பதை நொத்தாரிசுகள் அறிவார்கள். இரு வீடு, மூன்று வீடு மாத்திரம் கொண்ட கட்டடத்துக்கு இலகுவான ஒரு பதிவுமுறையைச் சட்டமியற்றுவோர் வகுத்தால், ஒரு பைசா மானியமின்றியே எத்தனையோ கூரைகள் தப்பும்.

நகர அபிவிருத்தி அதிகார சபையும் மாநகர சபையும் செய்யத்தக்கவையும் இவ்வாறு எளியவையே. இன்று பழைய வீட்டுக்கு மாடி ஏற்ற அனுமதி கேட்போரும் வெறுங்காணியிற் புதிதாகக் கட்டுவோரும் ஏறக்குறைய ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றனர். முன்வெளி, பின்வெளி, வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றுக்கு எண்பது ஆண்டுக்கு முன் எழுந்த சுவர் எவ்வாறு பதில் சொல்லும்? அனுமதி கிடையாதென்று அறிந்தவர்கள் இரவோடிரவாகக் களவாகக் கட்டுகிறார்கள்; களவாகக் கட்டுவதிற் பொறியியலாளருக்கு இடமேது? பழைய வீட்டின் நிலைநிற்கும் பகுதியை உள்ளது உள்ளபடி ஏற்று, அதற்குப் பதிலாக அத்திவாரப் பரிசோதனையையும் பட்டயப் பொறியியலாளரின் கையொப்பத்தையும் கண்டிப்பாகக் கேட்கும் தனியொரு விதி வேண்டும். வங்கிகளும், வேலை படிப்படியாக நடப்பதற்கேற்பச் சிறு தொகைகளாகக் கடன் விடுவிக்க முன்வர வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் இதனை வீடு வீடாகச் செய்தல் இயலாது. பொதுச் சுவரின் மேல் ஒருவர் தனியே ஏற்றினால் அயலவரின் அத்திவாரமும் அசையும். ஆறு வீட்டார் சேர்ந்து ஒரே வரைபடத்தில், ஒரே உயரத்தில், அடைத்துவிட்ட முற்றங்களை மறுபடி திறந்து ஏற்றினால் செலவும் குறையும், சுவரும் நிமிரும். அவ்வாறு கூட்டாக வருவோரை ஒரே விண்ணப்பமாக ஏற்க மாநகர சபை இணங்க வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலை மாணவரும் பொறியியல் மாணவரும் ஒரு விடுமுறைக் காலத்தை இதற்கு ஒதுக்கி, ஜம்பட்டா வீதியை அண்டிய ஒழுங்கை ஒன்றை வீடு வீடாக அளந்து, எந்தச் சுவர் தாங்கும், எது தாங்காது, எந்த முற்றம் திறக்கத்தக்கது என்று குறித்துக் கொடுப்பார்களாயின், அவ்வொழுங்கையிலேயே முதல் ஆறு வீட்டின் வேலையைத் தொடங்கலாம். வீட்டார் இணங்குவார்களோ என்ற ஐயம் எனக்கில்லை. ஒடுங்கிய அறையில் மூன்று தலைமுறையாக நெருங்கிப் படுத்தவர்கள் அவர்கள்.